நான் சொன்னதாக அவர் சொன்னது

இங்கிலீஷ் இலக்கணத்தில், ஒருவர் நேராகச் சொன்னதை இன்னொருவர் சொல்வதாக மாற்றி எழுதும் பாடம் ஒன்று உண்டு. டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றுவது. அந்தப் பாடத்தை நன்றாக நடத்துகிறவன் என்றுதான் நாமக்கல்லில் எனக்குப் பெயர். பெயர் வாங்கித் தந்த பாடத்தை என் மேலேயே ஒருவர் நடத்திக் காட்டினார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பதுகளின் கடைசி. சுற்று வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் சிலர் கமிட்டி போட்டு நடத்திய ஹைஸ்கூல் அது. என் சொந்த ஊர் ஜேடர்பாளையம் பக்கம். அணைக்கட்டு வாய்க்காலில் பாயும் கொஞ்சம் நிலமும் ஒரு வெற்றிலைக் கொடிக்காலும் அப்பாவுக்கு இருந்தன. மகன் கோட்டு மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறான் என்பதில் அவருக்குப் பெருமை. கொடிக்காலுக்கு ஓர் ஆள் குறைந்துவிட்டது என்ற வருத்தமும் உண்டு. எனக்குக் கல்யாணமான புதிது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சின்ன வாடகை வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவள் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண்.

நாலாம் பாரத்துக்கு, இப்போதைய ஒன்பதாம் வகுப்புக்கு, நான் இலக்கணம் எடுத்தேன். மற்றப் பாடங்களில் பையன்கள் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார்கள். கூற்று மாற்றத்தில்தான் மாட்டு வண்டி சேற்றில் இறங்கியது போல நின்றுவிடும். நம் பேச்சில் இந்தச் சங்கடமே கிடையாது. "நாளைக்கு வாரேன்" என்று ஒருவன் சொன்னால், நாம் போய், "நாளைக்கு வாரேன்னு சொன்னான்" என்று அப்படியே எடுத்து வைத்துவிடுவோம். பின்னால் ஒரு "ன்னு" ஒட்டினால் வேலை முடிந்தது. இங்கிலீஷில் அப்படி விட மாட்டார்கள். "நான்" என்றது "அவன்" ஆக வேண்டும். "வருவேன்" என்றதை இறந்த காலத்துக்குத் தள்ள வேண்டும். "நாளைக்கு" என்பது "மறுநாள்", "இங்கே" என்பது "அங்கே".

நான் பையன்களை எழுப்பி விட்டுச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவன் சொல்வான், இன்னொருவன் கேட்பான். கேட்டவன் வராந்தாவுக்குப் போய் அங்கே நிற்கும் மூன்றாமவனிடம் இங்கிலீஷில் தெரிவிக்க வேண்டும். "எனக்குப் பசிக்கிறது" என்று ஒருவன் சொன்னதை, கேட்டவன் "ஹி செட் தட் ஐ ஆம் ஹங்ரி" என்று கொண்டுபோய்ச் சேர்ப்பான். "பசி உனக்கா, அவனுக்கா?" என்று வகுப்பே சிரிக்கும். சிரித்துச் சிரித்துத்தான் அந்தப் பாடம் அவர்கள் மண்டையில் ஏறியது.

ஒரே ஒருவனுக்கு மட்டும் ஏறவில்லை. கமிட்டித் தலைவருடைய தங்கை மகன் அவன். மாமன் வீட்டிலேயே வளர்ந்தான். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், குணம் தங்கம். ஒருநாள் எழுந்து நின்று கேட்டான்.

"ஏனுங்க சார், அவன் சொன்னத நாம ஏன் மாத்தோணும்? அவன் வாயில வந்தது அப்படியே இருந்துட்டுப் போவட்டுமுங்களே."

"நீ அவன் நின்ன இடத்துல இல்ல, கண்ணு. நீ நிக்கற இடத்துல இருந்துதான சொல்றே? அதனால மாறுது."

"எங்க நின்னாலும் சொன்னது சொன்னதுதானுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். கடைசி வரைக்கும் அவன் மாற்றவே இல்லை.

பள்ளியில் எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். அவரும் இங்கிலீஷ் ஆசிரியர்தான். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சில் வரும் "ங்க" அவர் பேச்சில் பாதிக்கு மேல் வராது. பையன்கள் அவர் மாதிரியே பேசிக் காட்டி விளையாடுவார்கள். என்னைவிடச் சில வயது மூத்தவர். சேலத்தில் காலேஜ் வாசல் மிதித்தவர். அவருடைய இங்கிலீஷுக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை. அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டேன், அவரும் ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு எங்கள் அடுத்த தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அவளுக்கும் கூடப் பிறந்த அண்ணன் இல்லாத குறை தீர்ந்தது. அவருக்காகக் கொள்ளுப் பயறை வறுத்துக் கடைந்து வைப்பாள்.

நான் நடத்தும் முறையைக் கேட்டுவிட்டு அவர்தான் ஒரு திருத்தம் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா உணர்ச்சியை விட்டுடாதீங்க. ஹுர்ரான்னு ஒருத்தன் கத்தினா, சந்தோஷமாக் கூவினான்னு எழுதணும். ஐயோன்னா, துக்கத்தோட சொன்னான்னு வரணும். என்ன சொன்னான்ங்கறது மட்டும் போதாது. எந்த முகத்தோட சொன்னான்ங்கறதும் வேணும். இல்லேன்னா சொன்னது பொணமாப் போயிடும்."

அந்த வார்த்தையை மறுநாளே வகுப்பில் சொன்னேன். அவர் சொன்னது என்றே சொன்னேன். இப்படிப்பட்ட மனிதர் நமக்கு நண்பராகக் கிடைத்தாரே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அந்த வருஷம் பெரிய பரீட்சையில் தலைவர் வீட்டுப் பையன் இங்கிலீஷில் தவறிவிட்டான். கூற்று மாற்றக் கேள்வியில் ஒரு வாக்கியத்தைக்கூட அவன் மாற்றவில்லை. மேற்கோள் குறியை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே எழுதி வைத்திருந்தான். மற்றதிலும் தேறவில்லை. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "தலைவர் ஊட்டுப் பையன். பாத்துச் செய்யுங்க" என்றார். பார்த்துத்தான் திருத்தினேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தலைவருக்குக் கோபம் வரும் என்று ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இன்னொரு பேச்சும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டருக்கு அடுத்த இடத்தில் இருந்த பழைய முதல் அசிஸ்டென்ட் ஓய்வு பெறும் சமயம். அந்த இடம் எனக்கோ நண்பருக்கோ வரும் என்றார்கள். படிப்பில் அவர் மேல், அந்தப் பள்ளியில் பழகிய காலம் எனக்கு அதிகம். நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒரு தடவை மட்டும், "எனக்கு எதுக்கு சார் அதெல்லாம்? ஆத்தூர்ப் பக்கம் இடம் கிடைச்சா ஓடிடுவேன்" என்றார். நான் நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலச் சாப்பிட உட்கார்ந்தோம். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு. என் மனைவி நெய் விட்டுக்கொண்டிருந்தாள். நண்பர்தான் பேச்சை எடுத்தார்.

"ஏன் சார், தலைவரே நேர்ல வந்து கேட்டா என்ன பண்ணுவீங்க?"

எனக்கு உற்சாகமான நேரம். "கேக்கறதென்ன, அவரே வந்து உக்காந்து பரீட்சை எழுதட்டுமுங்க. அவருக்கும் பெயிலுதான் போடுவேன்" என்றேன்.

"அவருக்கு ஏ பி சி டியே தெரியாதே சார்! பேப்பர்ல என்னத்த எழுதுவார்?"

"அப்படின்னா சைபருங்க. தலைவருக்கு ஒரு பெரிய சைபர்!" என்று காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன்.

அவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி ஓடிவந்து சொம்பை நீட்டினாள். "சிரிச்சுட்டே சோறு உங்காதீங்கண்ணா" என்று அவளும் சிரித்தாள். கை கழுவும்போதும் "பெரிய சைபர்" என்று சொல்லிக்கொண்டேதான் போனார்.

அந்த வாரக் கடைசிக்குள் கமிட்டி கூடியது. என்னை ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை, நரைத்த மீசை, கையில் ஊன்றிய வேலாங்குச்சி. பக்கத்தில் கமிட்டி உறுப்பினரான ஒரு வக்கீல். நடவடிக்கைகளை இங்கிலீஷில் எழுதுவது அவர்தான். பையன் விஷயமாகக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து விடைத்தாளைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. வக்கீல் ஆள் அனுப்பி நண்பரை வரவழைத்தார்.

நண்பர் உள்ளே வந்து என்னைப் பார்க்காமல் நின்றார். தலைவரைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்று வக்கீல் இங்கிலீஷில் கேட்டார். நண்பர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஹி டிக்ளேர்ட் தட் ஹி வுட் ஃபெயில் தி பிரசிடென்ட் ஹிம்செல்ஃப்" என்றார். தலைவருக்குச் சைபர் போடுவேன் என்று நான் சொன்னதையும் அதே மாதிரி சேர்த்துச் சொன்னார்.

இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. "நான்" என்பது "அவர்" ஆகியிருந்தது. காலம் சரியாகப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. பையன் யாராவது அப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் "சொன்னார்" என்று வர வேண்டிய இடத்தில் "அறிவித்தார்" என்று வைத்திருந்தார். "தலைவரே வந்து கேட்டால்?" என்று கேட்டவர் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. ஏ பி சி டி தெரியாதே என்றவரும் இல்லை. விளையாட்டாகச் சொன்னார் என்பதற்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை போதும். முகத்தை விட்டுவிடாதீர்கள் என்று எனக்குப் பாடம் சொன்ன வாய்க்கு அந்த வார்த்தை தெரியாமலா இருக்கும்?

தலைவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் வக்கீல் அதைத் திரும்பத் தமிழில் சொன்னார். "தலைவரையே பெயிலாக்குவேன், தலைவருக்குச் சைபர்தான் என்று இவர் பகிரங்கமாக அறிவித்திருக்கிறார்." என் வீட்டுச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கிளம்பிய பேச்சு, இங்கிலீஷுக்குப் போய் வருவதற்குள் தண்டோரா போட்டது போல ஆகிவிட்டது.

தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அது கோபம் இல்லை. நாலு பேருக்கு நடுவில் அடி வாங்கியவர் முகம்.

"சொன்னீங்களா, வாத்தியாரே?"

"சொன்னனுங்க. ஆனா அது..."

"ஆனா கீனா வேண்டாம்" என்றார் வக்கீல். "சொன்னீங்களா, இல்லையா?"

நான் நண்பரைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று காத்தேன். "நான் கேட்டதற்குத்தான் இவர் அப்படிச் சொன்னார்" என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும். அவர் மேஜை மேல் இருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏ பி சி டி தெரியாது என்று சொன்னது இவர்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவர் வேலையும் போய்விடும், ஆத்தூரில் அவருக்குக் குழந்தைகள் இருக்கின்றன என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன். நான் விழுங்குவேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"சொன்னனுங்க" என்றேன்.

தலைவர் எழுந்து போய்விட்டார். வக்கீல், நான் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார். இனிமேல் வர வேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் மறுநாள் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் நண்பர் வீட்டுக்கு வந்தார். வாசலோடு நின்றவரை என் மனைவிதான் உள்ளே வரச் சொன்னாள்.

"கூப்பிட்டுக் கேட்டாங்க சார். கமிட்டி முன்னால நிறுத்திக் கேக்கறப்போ பொய் சொல்ல முடியுமா? நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டலை" என்றார்.

"நீங்க கேட்டதச் சொல்லலீங்களே" என்றேன்.

"நான் என்ன கேட்டேன்னு அவங்க கேக்கலையே."

என் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்ண்ணா, அன்னிக்கு நீங்க பொறையேறச் சிரிச்சீங்களே, அதச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அவங்க கட்டாயப்படுத்திட்டாங்க, தங்கச்சி. பிள்ளைகுட்டிக்காரன், என்ன செய்வேன்?" என்றார். அழுகிற ஆண்பிள்ளையை என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பாவம், ஏழை வாத்தியாரை நெருக்கிப் பிடித்தால் அவர்தான் எங்கே போவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, எங்கள் தகரப் பெட்டியைத் தன் தோளில் தூக்கி ஏற்றிவிட்டார். பஸ் நகரும்போது என் மனைவி வெளியே எட்டிப் பார்த்து, "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. நாங்க வெச்சுக்கல" என்றாள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேலத்தில் என் மனைவியின் சித்தப்பா ஒருவர் ரயில்வேயில் இருந்தார். அவர் சூரமங்கலத்தில் எங்களுக்கு ஒண்டிக்கொள்ள இடம் கொடுத்தார். வேறு பள்ளிகளில் கேட்டுப் பார்த்தேன். எங்கே போனாலும், "நாமக்கல்லில் ஏன் விட்டீர்கள்?" என்ற கேள்வி வரும். நான் விளக்குவேன். விளக்க விளக்க அவர்கள் முகம் மாறும். தலைவரைக் கேலி செய்தவன் என்பது மட்டும்தான் அவர்கள் காதில் நிற்கும். யுத்தம் வந்து ரயில்வேயில் ஆள் தேவைப்பட்டபோது, ஜங்ஷன் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கரி வாசமும் சாக்குத் தூசியும் பழகிப் போயின. அப்பா செத்த பிறகு கொடிக்கால் தம்பி கைக்குப் போயிற்று. எனக்கு ஒரு பெண் பிறந்தாள். நண்பர் முதல் அசிஸ்டென்ட் ஆனார் என்றும், பிறகு ஹெட்மாஸ்டரே ஆகிவிட்டார் என்றும் காதில் விழுந்தது. விழுந்தபோது வலிக்காமல் இல்லை. ஆனாலும் அவர் நாற்காலிக்காக எதுவும் செய்யவில்லை, நெருக்கடியில் மாட்டிக்கொண்டவர் என்றே நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்குத் தேவையாகவும் இருந்தது. இல்லாவிட்டால் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் என்ன செய்வது?

யுத்தம் முடியும் தறுவாயில் ஒருநாள், கடலை மூட்டை அனுப்பச் சரக்கு ரயில் வாகன் கேட்டு ஓர் இளைஞன் ஆபீசுக்கு வந்தான். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தவன், "சார்! நம்ம சாருங்களா?" என்று கத்தினான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நான்தானுங்க சார், கடைசி வரைக்கும் மாத்தாம நின்ன பையன்" என்று சிரித்தான். தலைவருடைய தங்கை மகன். கடலை வியாபாரம் செய்வதாகச் சொன்னான். வேலை முடித்து ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

"நீங்க பெயில் போட்டது நல்லதுக்குத்தானுங்க. மறுவருசம் ஒழுங்காப் படிச்சனுங்க" என்றான். பிறகு தயங்கிக்கொண்டே, "உங்களுக்கு நடந்ததுதானுங்க அநியாயம்" என்றான்.

"அது போவுது, சாமி. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. கமிட்டியில கூப்புட்டு நெருக்கிக் கேட்டா அவரு என்ன செய்வாரு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ஆரு கூப்புட்டா சார்?"

"உங்க மாமன்தான்."

"ஆரும் கூப்புடலீங்க. அவரு தானா வந்தாருங்க. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு அங்கதான் நின்னனுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் நிறுத்தினான். சொல்லச் சொன்னேன்.

"நீங்க என்னைய பெயில் போட்டதக் கேட்டு மாமன் கோவிக்கவே இல்லீங்க சார். மொத நாளு ஹெட்மாஸ்டரக் கூப்புட்டு, 'எங்க ஊட்டுப் பையனுக்கே பெயில் போட்டிருக்கறாரு. இப்பேர்ப்பட்ட ஆளு எங்க கெடைப்பாரு? காலியாவற பெரிய வாத்தியார் வேலைய அவருக்கே போட்டுருங்க'ன்னு சொன்னாருங்க. ஹெட்மாஸ்டரு போயி உங்க சிநேகிதருகிட்டச் சொல்லியிருப்பாராட்ட இருக்குது. மக்யா நாளு விடிஞ்சதும் அவரு எங்க ஊட்டுக்கு வந்துட்டாருங்க. 'நான் சொல்லக் கூடாது, ஆனா சொல்லாம இருக்க முடியல'ன்னு ஆரம்பிச்சு, நீங்க சைபர் போடறன்னு சொன்னதச் சொன்னாரு. மாமன் நம்பலீங்க. கமிட்டி முன்னால சொல்லுவீங்களான்னு கேட்டாரு. சொல்லுவேன்னாரு."

நானும் என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மாமனுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கறது பெரிய கொறைங்க சார். கலெக்டரு வந்தா வக்கீலுக்குப் பின்னாலதான் நிப்பாரு. அதுல போயிக் கை வெச்சுட்டாரு உங்க சிநேகிதரு. உங்கள மெச்சின வாயாலயே அன்னிக்கு ராத்திரி உங்கள ஏசுனாருங்க. அப்பறம் சோறே உங்கல."

"இப்ப எப்படி இருக்கறாரு மாமன்? நான் ஒரு நாளு வந்து பாத்து..."

"போன வருசம் தவறிட்டாருங்க."

அவனை வண்டி ஏற்றிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். என்னை ஒரு பெரிய மனிதர் மதித்திருக்கிறார். அந்த மதிப்பு எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே என் நண்பருக்குத் தெரிந்திருக்கிறது. அதை எப்படி உடைப்பது என்று அவருக்குத்தான் தெரியும், ஏனென்றால் அதற்கான வார்த்தைகளை என் வீட்டில் உட்கார்ந்து அவரே கேட்டு வாங்கியிருந்தார். சிரித்தது உண்மையான சிரிப்புத்தானா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. உண்மையாகத்தான் இருக்க வேண்டும், யாரும் பொய்யாகப் புரையேற்றிக்கொள்ள முடியாது. அப்படியானால் அது இன்னும் மோசம்.

என் மனைவி முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கீரைத் தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். வேலை போன அன்று அழாதவள் அவள். நகைகளை அடகு வைத்த அன்றும் அழவில்லை.

"அந்த வேலைக்கா அழுவறே? அது போயி எத்தனையோ காலமாச்சு" என்றேன்.

"வேலைக்கு ஆருங்க அழுவறா? கட்டாயப்படுத்திட்டாங்கன்னு சொல்லி அழுதாரே, அத நம்பி, நாங்க மனசுல வெச்சுக்கலன்னு பஸ்ஸுல இருந்து சொன்னனே. அதயும் பொய் சொல்லியே வாங்கிட்டாருங்களே. அதத் திருப்பி வாங்கறதுக்கு இனி எங்க போவட்டும்?"

எனக்கும் அதே கேள்விதான். நாமக்கல்லுக்குப் போய் நேரில் கேட்டுவிட்டு வரட்டுமா என்றேன். "போனா மறுபடியும் அழுவாருங்க. நீங்களும் நம்பிட்டு வருவீங்க" என்றாள். நான் போகவில்லை.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஜங்ஷனில் மத்தியான வண்டி நின்றிருந்தது. சரக்குச் சீட்டோடு பிளாட்பாரத்தில் நடந்து வந்தேன். முன்னால், வெள்ளை மேல்துண்டு போட்டு, நன்றாகச் சதை போட்டு, இரண்டு பள்ளிப் பையன்கள் பெட்டியைத் தூக்கி நிற்க, அவர் நின்றிருந்தார். யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே சிரிப்பு. இன்னும் நாலு எட்டு வைத்தால் நேருக்கு நேர். கேட்க வேண்டியதை எத்தனையோ தடவை மனசுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அத்தனையும் தயாராக இருந்தது.

என் கால் பார்சல் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கியது. சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, கையில் இருந்த சீட்டைப் படிப்பது போலப் பாவனை செய்தேன். அவர் ஏறினார், வண்டி ஊதியது, கடைசிப் பெட்டியும் கண்ணை விட்டு மறைந்தது. அதுவரைக்கும் நான் வெளியே வரவில்லை. அவரைப் பார்க்க எனக்கு ஏன் பயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியபோது, "எங்கய்யா போயிட்டீங்க இவ்வளவு நேரம்?" என்று பெரிய குமாஸ்தா கேட்டார். பெட்டிகளை மாற்றிக் கோக்கும் ஷண்டிங்கில் தாமதமாகிவிட்டது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.